தட்டுகள் சுழன்ற காலம் – 17: பாட்டைக் கேட்கும் முகங்கள்

1959இல் பிரிட்டனில் புதிதாக வந்த பாப் பாட்டு ஒன்றைக் கேட்பதே பெரும்பாடு. இசைத்தட்டுகளை வானொலியில் இத்தனை மணி நேரம்தான் ஒலிக்கவிடலாம் என்று தட்டு நிறுவனங்களும் இசைக்கலைஞர் சங்கமும் கறாராக வரம்பு கட்டியிருந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ராத்திரியில் லக்சம்பர்க் வானொலியைத் தேடிப் பிடிக்கலாம். அலை ஏறி இறங்கி, பாதிப் பாட்டு கரைந்துபோகும். இளைஞர்கள் இப்படித் தவித்திருந்தபோது, அந்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி பி.பி.சி. தொலைக்காட்சியில் 'ஜூக் பாக்ஸ் ஜூரி' தொடங்கியது.

அமெரிக்காவில் பீட்டர் பாட்டர் நடத்திவந்த நிகழ்ச்சிதான் இதற்கு மூலம். லண்டனில் அதை நடத்தியவர் டேவிட் ஜேக்கப்ஸ். நிதானமான குரல், கச்சிதமான கோட்டு. பிரபலங்கள் நால்வர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். புதிய தட்டு ஒன்று ஒலிக்கும். ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லி, 'ஹிட்'டா 'மிஸ்'ஸா என்று தீர்ப்பளிப்பார்கள். ஹிட் என்றால் ஜேக்கப்ஸ் மணி அடிப்பார். மிஸ் என்றால் கரகரப்பான ஹாரன். இரண்டுக்கு இரண்டு என்று நின்றுவிட்டால், பார்வையாளர்களில் மூவர் தீர்த்துவைப்பார்கள்.

பாட்டு ஒலிக்கிறது, பாடகரோ அரங்கில் இல்லை. அந்த நேரத்தில் திரையில் எதைக் காட்டுவது? முகங்களைக் காட்டினார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார், இன்னொருவரின் விரல் மேசையில் தாளம் போடும், பின்வரிசையில் ஒரு பெண் உதட்டைக் கடித்தபடி காத்திருப்பாள். ஒரு பாட்டை முதல்முறை கேட்பவரின் முகத்தில் அது என்ன செய்கிறது என்பதை நாடே பார்த்தது. இந்த நிகழ்ச்சியின் உயிர் இதில்தான் இருந்தது என்பேன். மணியும் ஹாரனும் அதற்குப் பின்னால்தான்.

இதில் கொடுமையும் உண்டு. சில வாரங்களில், பாடியவரையே திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருப்பார்கள். தீர்ப்பு முடிந்ததும் அவர் வெளியே வந்து, தன் பாட்டைக் கிழித்தவர்களின் கையைக் குலுக்க வேண்டும். மாதக்கணக்கான உழைப்பை ஒரு நிமிடப் பேச்சில் தள்ளிவிட்டு அந்தக் கையை எப்படி நீட்ட முடிந்தது என்று இன்றும் மனம் கசக்கிறது.

1963 டிசம்பர் 7. நடுவர்கள் பீட்டில்ஸ் நால்வர். லிவர்பூல் எம்பயர் அரங்கில், அவர்களது ரசிகர் மன்றத்தார் முன்னிலையில் மதியம் பதிவு, மாலையே ஒளிபரப்பு. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாகக் கணக்கு. ஸ்விங்கிங் புளூ ஜீன்ஸின் 'ஹிப்பி ஹிப்பி ஷேக்' ஹிட் என்றார்கள். அது பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. பாபி வின்டனின் 'தேர்! ஐவ் செட் இட் அகெய்ன்' மிஸ் என்றார்கள். அடுத்த மாதமே அமெரிக்காவில் அது முதலிடம் பிடித்தது. பிப்ரவரியில் அதை அங்கிருந்து இறக்கியது பீட்டில்ஸின் பாட்டேதான்!

அன்று என் மனம் நிற்பது 'த சான்ட்ஸ்' குழுவிடம். லிவர்பூலின் கறுப்பின இளைஞர்கள் ஐவர். ஒரு வருடம் முன்பு கேவர்ன் கிளப்பில் அவர்கள் பாட, பின்னால் நின்று வாசித்தவர்களே பீட்டில்ஸ்தான். நால்வரும் அவர்களது தட்டுக்கு ஹிட் கொடுத்தார்கள். நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்கள், அத்தனை கோடிக் கண்களுக்கு முன்னால்! ஆனாலும் அந்தத் தட்டு பட்டியலில் ஏறவேயில்லை. தட்டுக் கடையில் அந்த இளைஞர்களின் நிறமும் அவர்களுக்கு எதிராக நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். குழுவிலிருந்த எடி அமூ பின்னாளில் தம்பி கிறிஸோடு 'த ரியல் திங்' குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு 1976இல் முதலிடம் தொட்டது. பதின்மூன்று வருடத் தாமதம்.

1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ஐவரும் வந்தார்கள். அவர்களது முணுமுணுப்பைப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன.

இந்த நிகழ்ச்சியின் பதிவுகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. வீடியோ நாடா விலை அதிகம் என்று அழித்து மறுபடி பயன்படுத்திய காலம் அது. பீட்டில்ஸ் நடுவர்களாக இருந்த அந்த மாலையின் படமும் போயிற்று. எத்தனையோ முகங்கள் அதோடு போயின.

1967 டிசம்பர் 27ஆம் தேதி நிகழ்ச்சி நின்றது. அதற்குள் நிலைமையே மாறிவிட்டது. 'டாப் ஆஃப் த பாப்ஸ்' பாடகர்களையே திரைக்குக் கொண்டுவந்திருந்தது. செப்டம்பரில் தொடங்கிய ரேடியோ 1 பகலெல்லாம் பாப் பாட்டு போட்டது. அந்த வானொலியைத் தொடங்கும்படி பி.பி.சி.யை நெருக்கியவை கடலில் நங்கூரமிட்டு நின்று பாப் பாட்டு ஒலிபரப்பிய சில கப்பல்கள். அவற்றில் முதலில் கிளம்பிய 'கரோலைன்' கப்பலுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)