மழைமானிக்குத் தெரியாத தண்ணீர்

2027க்குள் உள்ளூர் மலேரியா பூஜ்ஜியம், 2030க்குள் நாட்டிலேயே மலேரியா இல்லை: மத்திய அரசு தனக்கு வைத்துக்கொண்ட கெடு இது. கூடவே, மழையையும் வெப்பத்தையும் வைத்து நோயை முன்கூட்டிச் சொல்லும் கணினி மாதிரிகள் பற்றிய பேச்சும் கிளம்பியிருக்கிறது. "பூண்டி ஏரி நிரம்பினால் மலேரியா வருமா?" என்று திருவள்ளூர் வாசகர்கள் கேட்கிறார்கள்.

இந்த மாதிரிகளின் கெட்டிக்காரத்தனம் வெப்பக் கணக்கில் இருக்கிறது. நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே நோயைப் பரப்பிவிடாது. கிருமி அதன் வயிற்றில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமிக்கான பழைய சூத்திரம் இது: சராசரி வெப்பநிலையில் 14.5 டிகிரியைக் கழியுங்கள். மிச்சத்தால் 105ஐ வகுங்கள். 20 டிகிரியில் 19 நாள், 28 டிகிரியில் 8 நாள். கொசுவோ அற்பாயுசு. தினம் பத்தில் ஒன்று சாகிறது என்று வைத்தால், 19 நாள் தாக்குப்பிடிப்பவை நூற்றுக்குப் பதினான்குகூடத் தேறாது. 8 நாள் என்றால் 43. வட இந்தியாவில் குளிர்காலம் நோய்க்கு ஒரு தடை. கும்மிடிப்பூண்டியில் மார்கழியிலும் கிருமிக்குப் பத்துப் பதினோரு நாள் போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். இத்தாலியின் திரியெஸ்தேயில் உருவான 'வெக்ட்ரி' போன்ற மாதிரிகள் மழையால் தேங்கும் குட்டைகளைக் கணக்கிடுகின்றன: எவ்வளவு ஆவியானது, எவ்வளவு மண்ணில் இறங்கியது, பெருமழை எத்தனை கொசுப்புழுக்களை அடித்துப்போனது என்று. ஆப்பிரிக்கக் கொசுவுக்குப் பொருத்தம். இலங்கையில் 1934-35இல் நடந்ததோ தலைகீழ்: பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின, மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். நம் நகர்ப்புறத்து அனோபிலஸ் ஸ்டீபன்சி இன்னும் விவரமானது. கிணறு, மூடியில்லாத மேல்நிலைத் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிய தண்ணீர் அதற்குப் போதும். வறட்சியில் நாம் கூடுதலாகப் பிடித்து வைக்கும் தண்ணீர் எந்த மழைமானியிலும் பதிவாகாது.

'பூஜ்ஜியம்' என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். வெளியூரில் தொற்றி வந்தது அதில் சேராது. அந்த நோயாளியிடமிருந்து இங்குள்ள ஒருவருக்குத் தொற்றினாலும் முதல் சுற்றுக்குத் தனிப் பெயர், தனிக் கணக்கு. வைவாக்ஸ் கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கி எழும். அப்படியிருக்க, ஒடிசாவிலிருந்து ஆறு மாதம் முன்பு சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்த தொழிலாளிக்கு எங்கே தொற்றியது என்று பயணக் கதையை மட்டும் கேட்டு எப்படி முடிவு கட்டுவது? 'வெளிமாநிலத்தார் கொண்டுவந்தது' என்ற பதில் வசதியானது. அவர் தங்கும் விடுதியின் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்ற கேள்வி வசதியற்றது.

ஏரி நிரம்பினால்? அலையடிக்கும் ஆழத்தில் புழு வளராது. வற்றும்போது ஓரம் தேங்கும் குட்டைகளைக் கவனியுங்கள்.

புகை மருந்து? பறக்கும் கொசுவுக்கு மட்டும்; தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது.

காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தலாமா? கூடாது. மருத்துவர் 14 நாள் எழுதினால் 14 நாளும்.

முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவி மூடுங்கள். குளிர்காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம்.