காரின் பம்பரும் கழிபுகை வெப்பமும்

காரின் பின்புறத்தே, புகைக்குழாய் வெளிவரும் இடத்துக்கு அண்மையில், பம்பரின் விளிம்பு நிறம் மாறியோ, குமிழிட்டோ, இளகித் தொங்கியோ இருப்பதை நம் பழைய மாணவருட் பலர் கண்டிருப்பர். வெயிலின் கொடுமையென்று வாளா விடுவோரும் உளர். பெயின்ற் பூசி மறைப்போரும் உளர். இரண்டும் தக்கன அல்ல. அவ்வடு வண்டியின் உள்ளே மறைந்துள்ள வேறொரு பழுதின் அறிகுறியாதல் கூடும். அப்பழுது சிலவேளை உயிருக்கே ஊறு விளைப்பது. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்தல் நன்று.

மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் பம்பர் எஃகினாற் செய்து குரோமியம் பூசப்பெற்றது. புகைக்குழாயின் சூடு அதனை உருக்க வல்லதன்று. இக்காலத்துக் கார்களின் பம்பரோ பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்திக்கினால் ஆயது. இப்பொருள் ஏறக்குறைய 160 செல்சியஸ் பாகையில் உருகும். அதற்கு நெடுமுன்னரே, 100 பாகையை அணுகும்பொழுதே, தன் விறைப்பை இழக்கத் தொடங்கும். பெற்றோல் எஞ்சினை விட்டு வெளிப்படும் புகையின் வெப்பநிலை, வண்டி கடுமையாக உழைக்கும்பொழுது 700 பாகையையும் கடப்பதுண்டு. நீண்ட குழாயினூடு செல்கையில் அது வெப்பத்தின் பெரும்பகுதியை இழந்துவிடும். ஆயினும் எஞ்சியது ஒருசிறிதன்று.

வெப்பம் செல்லும் வழிகள் மூன்று என்பதை மாணவர் அறிவர். குழாய் பம்பரைத் தொடுமாயின் கடத்தலாற் செல்லும். சூடேறிய புகையும் காற்றும் எழுந்து மோதுவதால் மேற்காவுகையாற் செல்லும். தொடாமலும் காற்றின் துணையின்றியும் செல்வது கதிர்வீசல். பொருளொன்று வீசும் வெப்பக் கதிரின் அளவு அதன் தனி வெப்பநிலையின் நாலாம் வலுவுக்கேற்ப மிகும் என்பது தேபானின் விதி. 27 பாகையிலுள்ள குழாயொன்று 327 பாகையை அடையுமாயின் அதன் தனி வெப்பநிலை இருமடங்கே ஆகும். அது வீசும் கதிரோ பதினாறு மடங்காகும். குழாயின் வெப்பம் சற்று மிகினும் பம்பருக்குக் கேடு பன்மடங்கு மிகுவதன் காரணம் இதுவே.

வண்டியை ஆக்கியோர் இவற்றையெல்லாம் கணித்தே குழாய்க்கும் பம்பருக்கும் இடைவெளி வைத்தனர். பின்னர் வடு தோன்றுமாயின் அவ்வொழுங்கு குலைந்தது என்பதே பொருள். குழாயைத் தாங்கும் ரப்பர் வளையம் வெடித்து, குழாய் ஒருபுறம் சாய்ந்திருக்கலாம். பொருத்து வாயில் கறள் பிடித்துத் துளை விழுந்து, சூடான புகை பம்பரின் உட்புறத்தே பாயலாம். மாற்றிப் பூட்டிய குழாயின் நுனி பம்பருக்கு உள்ளேயே முடிந்திருக்கலாம். எஞ்சினில் எரியாத பெற்றோல் குழாயினுட் சென்று எரிந்து, வெப்பத்தை மிகுவிக்கவும் கூடும். குழாய் நன்கு ஆறியபின் கையாற் பற்றி அசைத்துப் பார்த்தால் முதலாவது தெரியும். பொருத்துகளிற் கரித்தடம் உண்டோ என நோக்கினால் இரண்டாவது தெரியும். எரிதலிற் குறையிருப்பின் திறமையுள்ள மெக்கானிக்கிடம் காட்டுதலே வழி.

புகைக் கசிவை எளிதாக எண்ணற்க. கழிபுகையில் உள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இணைவது. களுவாஞ்சிக்குடியிலிருந்தோ கல்முனையிலிருந்தோ மட்டக்களப்புக்குச் சாமான் ஏற்றி வருவோர், பின்கதவை மூடாது கயிற்றாற் கட்டிக்கொண்டு ஓட்டுவதுண்டு. அவ்வேளையில் வண்டியின் பின்னே சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்துவிடும். தலையிடியும் மயக்கமும் தோன்றுமாயின் உடனே வண்டியை நிறுத்தி வெளியே வருதல் வேண்டும்.

பழுதைத் திருத்தி, குழாயின் நுனி பம்பரின் விளிம்புக்குச் சற்று வெளியே நீளுமாறு அமைத்தபின்னரே காப்புத் தகட்டைப் பற்றி எண்ணல் வேண்டும். மினுக்கிய அலுமினியம் தன்மீது விழும் வெப்பக் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கைத் திருப்பிவிடும். ஆயின் அத்தகட்டைப் பம்பரோடு ஒட்டிவிட்டாற் பயன் குறையும். தகடு ஏற்ற வெப்பம் கடத்தலாற் பம்பரை அடையும். அரை அங்குல இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுப் புக வழி வைத்துப் பூட்டுதல் வேண்டும். சூடேறிய காற்று மேலெழக் குளிர்ந்த காற்று கீழிருந்து புகும். தகட்டின் காப்பில் பாதி அலுமினியம் செய்வது. மறுபாதி அவ்வெற்றிடம் செய்வது.

வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழும் எழுவான்கரையார்க்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. குழாயைச் சுற்றிக் கட்டும் வெப்பத்துணி பிறவிடங்களிற் பயன்படலாம். இங்கோ அது உவர் ஈரத்தை உறிஞ்சிக் குழாயை அணைத்து வைத்திருப்பதாற் கறளை விரைவுபடுத்தும். மற்றையது, அலுமினியத் தகட்டை எஃகு ஆணிகளாற் பூட்டினால் உப்பீரம் பட்ட இடத்தில் இரு உலோகங்களும் ஒரு மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் அரிக்கப்படும். வெப்பந் தாங்கும் வாசர்களை இடையிட்டு உலோகங்களைப் பிரித்துவைத்தல் வேண்டும். மாதம் ஒருமுறையேனும் வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுதலும் நன்று. வாவியின் அப்பாலுள்ள படுவான்கரையில் அறுவடைக் காலத்து வயலுக்குச் செல்வோர், சூடான குழாயின் கீழே வைக்கோல் கிடக்கும்படி வண்டியை நிறுத்தலாகாது.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி தடுக்கப்பட்டு, 2025 இன் தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளும் உள்ள வண்டியைப் பேணுவதன் அருமையை நமக்கு உணர்த்தின. அலுமினியத் தகடு ஒன்று சிறு செலவே. புதுப் பம்பரோ பெருஞ்செலவு. எனினும் தகட்டைத் தேடுமுன் வடுவின் காரணத்தைத் தேடுவோமாக. ஆய்வுகூடத்தில் நாம் கற்ற வெப்பவியல் பரீட்சைக்காக மட்டும் கற்றதன்று. நம் மனைவி மக்கள் அமர்ந்து செல்லும் வண்டியிலும் அது நமக்குத் துணைநிற்க வல்லது.