தினமும் அட்மினாவே இருக்கணுமா?

விண்டோஸ் லேப்டாப்பில் முதலில் உருவாகும் அக்கவுண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர். நம்மில் பலர் நாலு வருஷமும் அதிலேயே ஓட்டிடுறோம். இதுல ஆபத்து என்னன்னா, நீங்க இறக்கும் கிராக் சாஃப்ட்வேருக்கும் ஒரே 'யெஸ்' கிளிக்கில் அதே அதிகாரம் கிடைச்சிடும். ஆன்டிவைரஸை அணைக்கலாம், அதே லேப்டாப்பில் தங்கச்சி வெச்சிருக்கும் ஃபைல்களையும் தொடலாம்.

2007-ல் விஸ்டாவோட வந்த அந்த 'யெஸ்/நோ' பெட்டி, அட்மினிடம் வழக்கமா பாஸ்வேர்ட் கேட்காது. ஸ்டாண்டர்ட் அக்கவுண்டில் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். அதை டைப் பண்ற நேரத்தில்தான் "ஒரு பிடிஎஃப் திறக்க இது எதுக்கு?"னு தோணும்.

விண்டோஸ் 11-ல் செய்ய வேண்டியது:

1. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் புது அக்கவுண்ட் ஒன்று உருவாக்குங்க. நீளமான பாஸ்வேர்ட் வைங்க.
2. அதன் டைப்பை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்க.
3. அதில் ஒருமுறை லாகின் பண்ணிப் பாருங்க.
4. அங்கிருந்தே உங்க பழைய அக்கவுண்டை ஸ்டாண்டர்ட் ஆக்குங்க. ஃபைல் எதுவும் போகாது.

மூன்றாவதைத் தாண்டி நான்குக்குப் போகாதீங்க. பாஸ்வேர்ட் தப்பா இருந்தா மாட்டிக்குவீங்க.

ஆனா ஒண்ணு: ஸ்டாண்டர்ட் அக்கவுண்டிலும் ரான்சம்வேர் உங்க சொந்த ஃபைல்களைப் பூட்ட முடியும். அதனால ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை தனி டிரைவில் காப்பி எடுத்து, கழற்றி வைங்க.