உங்களுக்குத் தெரியுமா? கதவுக்குப் பின்னால் சட்டத்துக்கு என்ன வேலை?

1950களின் இங்கிலாந்தில் வயதுவந்த இரு ஆண்கள் மனமொத்துத் தனிமையில் உறவுகொண்டாலும் சிறைதான். பாதிக்கப்பட்டேன் என்று புகார் கொடுக்க ஆளே இல்லாத குற்றம் அது. இந்தச் சட்டத்தையும் பாலியல் தொழில் பற்றிய சட்டங்களையும் ஆராய, 1954இல் பிரிட்டிஷ் அரசு ஜான் வுல்ஃபெண்டன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது.

அந்தக் குழுவின் முன் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் பீட்டர் வைல்டுபிளட். இதே குற்றச்சாட்டில் 18 மாதத் தண்டனை பெற்றுச் சிறை சென்று மீண்டவர். தன்னை மறைக்காமல், தன்பாலீர்ப்பாளராகவே வந்து பேசினார். உண்மையைச் சொன்னால் வேலையும் மானமும் போய்விடும் என்ற காலத்தில் எத்தனை பெரிய துணிச்சல்!

தனிமனித ஒழுக்கத்தில் தலையிடுவது சட்டத்தின் வேலை அல்ல என்று 1957இல் குழு அறிக்கை தந்தது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். தெருவில் நிற்கும் பாலியல் தொழிலாளிகளுக்கு அபராதத்தைக் கூட்டச் சொன்ன பரிந்துரை இரண்டே ஆண்டில், 1959இல் சட்டமானது. ஆண்களை விடுவிக்கச் சொன்ன பரிந்துரையோ 1967 வரை காத்திருந்தது. அதுவும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும், 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்! ஸ்காட்லாந்துக்கு 1980இல்தான் சட்டம் வந்தது. வட அயர்லாந்துக்கு 1982இல்.

இந்தியாவிலோ, இதே உறவைக் குற்றமாக்கி பிரிட்டிஷார் 1860இல் தண்டனைச் சட்டத்தில் நமக்கு எழுதிவைத்த 377ஆவது பிரிவின் பிடியை நம் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது 2018இல்.