கூர்முகட்டில் ஒரு குழுநடை

மலையேற்றம் என்றவுடன் கயிறும் பனிக்கோடரியும் ஏந்திய வீரர்களே நம் நினைவிற்கு வருகின்றனர். ஆயின், வெறும் நடைக்கும் அத்தகைய ஏற்றத்திற்கும் இடைப்பட்ட வகை ஒன்று உண்டு. மலைமுகட்டின் விளிம்பு வழியே நடப்பதும், பாறை குறுக்கிடும் இடங்களில் கைகளையும் ஊன்றி ஏறி இறங்குவதும் அதன் இயல்பாகும். ஆங்கிலேயர் இவ்வாறு ஏறுதலை ‘ஸ்கிராம்பிளிங்’ என்பர். இந்நடையில் வழிகாட்டியின் பணி யாது, உடன்செல்வோரின் கடமை யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே ஈண்டுக் காண்போம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ‘லேக் டிஸ்டிரிக்ட்’ என்னும் ஏரிகள் நிறைந்த மலைநாடு உள்ளது. அங்குள்ள ஹெல்வெலின் மலை 950 மீட்டர் உயரமுடையது. அந்நாட்டு மலைகளுள் உயரத்தால் மூன்றாவது. அதன் கீழ்த்திசையில் நீண்டு கிடப்பதே ‘ஸ்டிரைடிங் எட்ஜ்’ என்னும் கூர்முகடு. பனியூழிக் காலத்தில் பனியாறுகள் இருபுறமும் மலையை அரித்தெடுக்க, நடுவே எஞ்சிய கல்வரம்பு இது. வயல்வரப்பில் கால் தவறினால் சேற்றில் விழுவோம். இவ்வரப்பில் தவறினால் பெரும்பள்ளம். வடபுறத்தே ‘ரெட் டார்ன்’ என்னும் சிற்றேரி ஆழத்தில் தோன்றும்.

ஸ்கிராம்பிளிங் வழிகளை 1, 2, 3 எனத் தரம் பிரிப்பர். கோடையில் இம்முகடு முதல் தரத்தைச் சார்ந்தது; கயிறின்றியே கடக்கலாம். உச்சியை அடைவதற்குச் சற்று முன்னர், ஏறத்தாழ 3 மீட்டர் ஆழமுள்ள பாறைப்பிளவு ஒன்றில் இறங்குதல் வேண்டும். பலர் தயங்கி நிற்கும் இடம் அதுவே. இரு கை, இரு கால் ஆகிய நான்கனுள் மூன்று எப்பொழுதும் பாறையைப் பற்றியிருக்க, ஒன்றை மட்டுமே நகர்த்துக என்பது அடிப்படை விதியாகும். கைப்பிடியை அசைத்துப் பார்த்து உறுதி கண்ட பின்னரே உடலின் சுமையை அதன்மேல் ஏற்றுதல் வேண்டும்.

வழிகாட்டியின் பணி மலையடிவாரத்திலேயே தொடங்கிவிடுகின்றது. வானிலையையும், ஒவ்வொருவரின் காலணியையும் உடல்நலத்தையும் அவர் ஆராய்வார். காலத்தைக் கணக்கிடவும் ஒரு முறை உண்டு. 5 கிலோமீட்டர் தொலைவிற்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி நேரம் என்பது 1892இல் ஸ்காட்லாந்தினரான நெய்ஸ்மித் வகுத்த கணக்கு. கைகளை ஊன்ற வேண்டிய முகட்டில் இக்கணக்கு போதாது. கூடுதல் நேரம் ஒதுக்குதல் வேண்டும். குழுவின் வேகத்தை விரைந்து நடப்பவர் வகுப்பதில்லை. மெல்ல நடப்பவரே வகுக்கின்றார். தளர்ந்தவரை வழிகாட்டி தம் அருகிலேயே நிறுத்திக்கொள்வார். முகட்டிற்குச் சற்றுக் கீழே செல்லும் எளிய பாதையைத் தேவை நேருமிடத்து மேற்கொள்வார். மழையால் பாறை வழுக்கினும், காற்று மிகினும், உச்சி கண்ணெதிரே தோன்றினும் குழுவைத் திருப்பி அழைத்து வருவார். இத்துணிவே அவர்தம் தலையாய தகுதி எனலாம்.

உடன்செல்வோர்க்கும் கடமை உண்டு. அச்சத்தை மறைத்தல் வீரமாகாது. ஒருவர் வாய்விட்டுக் கூறாத நடுக்கம் பாறையின் நடுவே அனைவரையும் இடருக்குள்ளாக்கும். இடர் நேரின் ஒரு மணித்துளியில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு மணித்துளி நிறுத்தி, மீண்டும் ஊதுதல் வேண்டும். மும்முறை ஊதுதல் அதற்கான மறுமொழி. இதனைக் குழுவினர் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

துணையின்றிச் செல்வதன் விளைவை இம்மலையே நமக்கு உணர்த்துகின்றது. 1805ஆம் ஆண்டு ஏப்ரலில் சார்லஸ் காஃப் என்னும் ஓவியர் தம் நாயுடன் தனியே இம்மலையைக் கடக்கப் புறப்பட்டார். மூன்று திங்கள் கழித்து, ஜூலையில், அவரது உடல் ஸ்டிரைடிங் எட்ஜின் அடிவாரத்தே காணப்பட்டது. அருகில் அந்நாய் உயிருடன் இருந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அதன் அன்பைப் பாடினர். அன்பு நாயிடம் குறைவின்றி இருந்தது. ஆயின் ஊரார்க்குச் செய்தி சொல்ல நாவுடைய துணை ஒன்று இல்லையே!

தமிழ் பயில்வோர்க்கு ஈண்டு மலைபடுகடாம் நினைவிற்கு வரும். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் குழுவிற்கு மலைவழியின் இடர்களையும் அவற்றைக் கடக்கும் முறைகளையும் முன்கூட்டியே எடுத்துரைக்கும் நூல் அது. அறிந்தவர் அறியாதவரை ஆற்றுப்படுத்துதல் இலக்கிய மரபு மட்டுமன்று. உயிர் காக்கும் நெறியுமாகும் என்பது இதனால் தெளிவாகும்.

புறப்பட்ட அனைவரும் வீடு திரும்புதலே மலைநடையின் வெற்றி. உச்சி அதன் இடையில் அமைந்த ஓர் இடமே. முன்செல்வோர் பின்வருவோரைத் திரும்பிப் பார்ப்பதும், பின்வருவோர் முன்செல்வோரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதும் மலைமுகட்டிற்கு மட்டும் உரியன அல்ல. கல்விச்சாலைக்கும் சமுதாயத்திற்கும் உரியனவே. மாணவச் செல்வங்கள் இதனை மனங்கொள்வார்களாக!