உலகுக்குச் சென்னை சொன்ன பதில்

தில்லித் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முருங்கைக்காய், வாழைத்தண்டு, சேனைக்கிழங்கு என்று நம் ஊர்ச் சமையலுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். தூதரகங்களைச் சேர்ந்த வெளிநாட்டினரும் தங்கள் நாட்டுப் பண்டங்களைத் தேடி அங்குதான் வருகிறார்கள். யார் எதைக் கேட்கிறார்களோ அதை வரவழைத்து வைப்பதே அந்தக் கடைக்காரர்களின் வியாபார சூட்சுமம். நாடுகளுக்கிடையே நடக்கும் மருத்துவ ஒத்துழைப்புக்கும் இந்தச் சூட்சுமம் பொருந்தும் என்பது என் எண்ணம்.

மெட்ரோ ரயிலில் ஐ.என்.ஏ.க்கு அடுத்த நிலையம் எய்ம்ஸ். இப்படி ஒரு நிறுவனம் வேண்டும் என்று 1946-இல் போர் கமிட்டி அறிக்கை கேட்டது. நம் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் கமிட்டியில் ஓர் உறுப்பினர். சுதந்திரத்துக்குப் பிறகு சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ருத் கௌர் அதற்காகப் பெரிதும் பாடுபட்டார். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து அரசு பத்து லட்சம் பவுன் நன்கொடை அளித்தது. 1952-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1956-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் எய்ம்ஸ் உருவாயிற்று. தேவை எது என்பதை நாம் சொன்னோம். உதவி வெளியிலிருந்து வந்தது.

அதே 1956-இல் சென்னையில் தொடங்கிய இன்னொரு கூட்டு முயற்சி இதைவிடச் சுவையானது. இங்கே உதவி வெளியிலிருந்து வந்தது. பாடமோ இங்கிருந்து வெளியே போயிற்று.

அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, சத்தான உணவு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயரே அதற்குச் சாட்சி. ஆனால் நோயாளிகளோ ஏராளம். படுக்கைகள் மிகக் குறைவு. அப்போது நல்ல மருந்துகள் வந்துவிட்டிருந்தன. அவற்றை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டால் ஏழைக்குக் குணமாகுமா? வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தொற்றாதா? நமக்குத் தேவைப்பட்டது இந்தக் கேள்விகளுக்கான பதில்.

உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு அதே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு வாழ்ந்தவர்கள். ஆயினும் 1959-இல் வெளியான முடிவு, இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் என்றது! குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், நோயாளி வீட்டிலிருந்ததால் அவர்களுக்கு ஆபத்து கூடவில்லை என்றும் தெரிந்தது.

இதன் பிறகு உலகெங்கும் சானடோரியங்களின் அவசியம் குறைந்தது. பணக்கார நாடுகளும் சென்னையின் ஏழை நோயாளிகளிடமிருந்து பாடம் கற்றன.

இன்னொரு பாடமும் உண்டு. உடம்பு சற்றுத் தேறியதும் மருந்தை நிறுத்திவிடுவது மனித இயல்பு. சென்னையில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். பலர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததால், ஊழியர் முன்னிலையிலேயே மருந்தை விழுங்கச் செய்யும் முறையை அங்கே சோதித்துப் பார்த்தார்கள். 1990-களில் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய 'டாட்ஸ்' திட்டத்துக்கு இதுவும் ஓர் அடிப்படை. 1997-இல் இந்தியாவும் அதைத் தேசியத் திட்டமாக்கியது.

கொடுப்பவர், வாங்குபவர் என்ற பேதத்தோடு நடக்கும் ஒத்துழைப்பு, பணம் தீர்ந்ததும் தீர்ந்துவிடும். உள்ளூர்க் கேள்வியோடு தொடங்குவது நிலைக்கிறது. சேத்துப்பட்டில் அந்த மையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இன்றும் இயங்குகிறது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். டாக்டர் சொல்லும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கோ காவலாளிக்கோ இந்நோய் வந்தால், வேலையை விட்டு விரட்டாமல் சிகிச்சைக்கு அனுப்பிவையுங்கள். வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகுக்குச் சொன்னது நம் சென்னைதானே!