வீட்டு வாசலில் இரத்தப் பரிசோதனை: வன்னிக்கு ஏன் வேண்டும், எவ்வாறு வேண்டும்?

நீரிழிவு ஆயுள்பரியந்தம் கண்காணிக்க வேண்டிய நோய். அக்கண்காணிப்புக்கு ஆதாரம் கிரமமான இரத்தப் பரிசோதனை. ஆனால் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ34 வீதியை விட்டு வெகுதூரம் உள்ளே அமைந்த கிராமமொன்றில் வாழும் முதியவர், முதல்நாள் இரவு தொடங்கி உணவின்றி, விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்திருந்து, வைத்தியசாலை வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்த பின்னரே பசியாற இயலும் என்றால், அவர் அப்பரிசோதனையைத் தள்ளிப்போடுவதைக் குறைகூற நியாயமில்லை. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ பாவிப்பவர் நெடுநேரம் வெறும்வயிற்றோடு இருப்பது சீனியை அபாயகரமாகக் குறைத்து மயக்கத்தில் ஆழ்த்தவும் கூடும். யுத்தத்தில் கால் இழந்தவருக்கும் பாரிசவாதத்தால் படுக்கையில் இருப்பவருக்கும் இப்பிரயாணமே பெருந்தண்டனை.

கொழும்பு முதலிய நகரங்களில் தனியார் ஆய்வுகூடங்கள் வீட்டுக்கே வந்து கட்டணத்துக்கு இரத்தம் எடுக்கின்றன. அம்முறையை வன்னிக்குக் கொண்டுவர விரும்புவோர் முதலில் உணரவேண்டியது, உடலைவிட்டு வெளியேறிய பின்னரும் இரத்த அணுக்கள் சீனியை உட்கொண்டே இருக்கின்றன என்பதாகும். சாதாரண வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைவதால், எடுத்தபோது 140 மில்லிகிராமாக இருந்த அளவு இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 124 ஆகி, நோயைக் குறிக்கும் வெறும்வயிற்று எல்லையாகிய 126க்குக் கீழே இறங்கிவிடலாம். இதைத் தடுக்கக் குழாயில் சோடியம் ஃபுளோரைட்டு சேர்க்கிறார்கள். அதுவும் உடனடியாக முழுப்பலன் தராதாகையால், குளிர்ப்பெட்டியும் விரைவான போக்குவரத்தும் அவசியமாகின்றன.

தூரக் கிராமங்களுக்கு மிக்க அனுகூலமானது 'எச்பிஏ1சி' என்னும் பரிசோதனையாகும். செவ்வணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். அதிலுள்ள ஈமோகுளோபினில் படிந்த சீனியை அளப்பதனால் சென்ற இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலை புலப்படுகிறது. இதற்கு உண்ணாதிருக்க வேண்டியதில்லை. உரிய குழாயில் குளிரூட்டி வைத்தால் மாதிரி சில நாட்கள் கெடாது. 1963ஆம் ஆண்டில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தைகளின் நோயறிய வடிதாளில் உலர்த்திய இரத்தத் துளியைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். அம்முறை இப்பரிசோதனைக்கும் கையாளப்படுகிறது. ஆயினும் மாரிகால ஈரத்தில் தாள் செவ்வனே உலர்ந்ததா என்று பார்த்தாக வேண்டும். இரத்தசோகை, தலசீமியா, முற்றிய சிறுநீரக நோய் ஆகியவை இவ்வளவைப் பிறழச் செய்யுமாதலால், சிறுநீரக நோய் காணப்படும் வவுனியாப் பிரதேசத்தில் இவ்வொரு எண்ணை மட்டும் நம்பிச் சிகிச்சையை நிர்ணயித்தல் தகாது.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது முதல் வேரூன்றி வளர்ந்த அரச சேவையில், குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணித் தாயின் வீடுதேடிச் செல்வது நமக்குப் பழகிய வழக்கம். நடமாட இயலாத நீரிழிவு நோயாளிக்கும், பயிற்சிபெற்ற ஒருவர் அவ்வாறே செல்ல வேண்டும். பெயரையும் நேரத்தையும் நோயாளியின் முன்னிலையிலேயே குழாயில் எழுத வேண்டும். பாவித்த ஊசியைப் பத்திரமாகத் திரும்ப எடுத்துச்செல்ல வேண்டும். முடிவைக் கிளினிக் கொப்பியில் பதிந்து, மருந்தில் மாற்றம் வேண்டுமா என்பதை வைத்தியர் அறிவிக்கவும் வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளை மையமாகக் கொண்டு இவ்வேற்பாடு அமையுமாயின், பஸ் ஏற முடியாத ஒரே காரணத்தால் ஒருவர் கண்ணையோ காலையோ சிறுநீரகத்தையோ இழக்கும் அவலத்தைப் பெருமளவு தவிர்க்கலாம். இலவச வைத்தியம் என்னும் வாக்குறுதி அவர்களுக்கும் உரியதே.